சம்பந்தியம்மாவின் சிலிண்டர்

பெண்ணும் மாப்பிள்ளையும் போகவேண்டிய இடத்துக்குத்தான் கடைசியில் சம்பந்திகள் இருவரும் போய்ச் சேர்ந்தார்கள்.

சின்னஞ்சிறுசுகள் இரண்டும் ஆசைப்பட்டு ஸ்கூபா கற்றுத்தரும் பள்ளி ஒன்றில் தொடக்கநிலை வகுப்புக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் மீன்களோடு உலாவிவிட்டு வருகிற சமாச்சாரம். வகுப்பு தொடங்குவதற்குள் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனது. கர்ப்பிணிகளைத் தண்ணீருக்கடியில் இறக்க மாட்டோம் என்று பள்ளியில் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளைக்குச் சிறுவயதில் மூச்சிழுப்பு இருந்தது என்று தெரிந்ததும் மருத்துவர் தகுதிச் சான்று தர மறுத்துவிட்டார். பெயரை ரத்து செய்தால் கட்டிய பணம் திரும்பாது, வேண்டுமானால் வேறு இருவருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றது பள்ளி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மேசையைச் சுற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை விளையாட்டாக ஆரம்பித்தார். "அம்மாவும் அத்தையும் போயிட்டு வாங்களேன். ரெண்டு பேருக்கும் நீச்சல் தெரியுமே."

பெண்ணைப் பெற்றவள் எதிரில் உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மாவைப் பார்த்தாள். அவர் எப்படியும் மாட்டேன் என்பார், தான் வாயைத் திறக்க வேண்டியிருக்காது என்று எண்ணினாள். சம்பந்தியம்மாவும் இதே கணக்கைப் போட்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒருவர் மறுப்பதற்காக மற்றவர் காத்திருக்க, காத்திருக்க, மேசையில் மௌனம் நீண்டுகொண்டே போனது. "அவங்க வந்தா நானும் வர்றேன்" என்று சம்பந்தியம்மா இழுத்தார். "எனக்கென்ன, போகலாமே" என்றாள் இவள். இப்படியாக, இருவருக்குமே விருப்பமில்லாத ஒரு காரியம் இருவராலும் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

பெண்ணைப் பெற்றவள் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். வக்கீல்கள் கத்துவதையும் சாட்சிகள் அழுவதையும் ஒரே மாதிரியான கோடுகளாகவும் புள்ளிகளாகவும் எழுதிப் பழகிய கை. வீட்டிலும் அப்படித்தான். யார் என்ன சொன்னாலும் காதில் வாங்கிக்கொள்வாள், தன் பங்குக்கு ஒன்றும் சேர்க்க மாட்டாள். மனதில் மட்டும் எல்லாம் பதிந்திருக்கும், எழுத்துப் பிசகாமல். மூட்டுவலிக்கு நல்லது என்று மருத்துவர் சொன்னதால் சில வருடங்களாக நீச்சல் குளத்துக்குப் போய்வந்தாள்.

சம்பந்தியம்மா வேறு ரகம். கீழே மருந்துக்கடை, மாடியில் வீடு. கடைக்கு வருகிறவர் இருமினால் போதும், எத்தனை நாளாக, சளி என்ன நிறம், ராத்திரி தூக்கம் வருகிறதா என்று விசாரித்து, மருத்துவரிடம் போவதா வேண்டாமா என்பதையும் அவரே தீர்மானித்து அனுப்புவார். கல்லூரி நாட்களில் நீச்சலில் வாங்கிய கோப்பைகள் கடையின் கண்ணாடி அலமாரியில் சத்து மாவு டப்பாக்களுக்கு மேலே வரிசையாக நிற்கும்.

கல்யாணம் ஆனதிலிருந்து இருவருக்கும் நேரடிச் சண்டை வந்ததே இல்லை. எல்லாம் பிள்ளைகள் வழியாகத்தான் போய் வந்தன. "உங்கம்மா அப்படிச் சொன்னாங்களாமே" என்று ஒரு பக்கம் கிளம்பும். "அத்தை மனசு கஷ்டப்பட்டாங்களாம்" என்று மறுபக்கம் திரும்பி வரும். நடுவில் கிடந்து அல்லாடியது அந்தப் பெண்தான்.

பள்ளி ஒரு பழைய ஐஸ் தொழிற்சாலையின் பின்கட்டில் இருந்தது. நுழைந்தவுடன் ரப்பர் வாடை அடிக்கும். சுவரோரமாகச் சிலிண்டர்கள் சங்கிலியால் கட்டப்பட்டு நிற்கும். கம்பிகளில் ஈரமான ரப்பர் உடைகள், கை கால் விரித்த ஆட்களைப் போலத் தொங்கிக்கொண்டிருக்கும். பயிற்சி தந்தவள் ஓர் இளம்பெண். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கியதால் சம்பந்தியம்மா முதல் நாளே அவளுக்கு விசில் என்று பெயர் வைத்துவிட்டார். வகுப்பில் இவர்களைத் தவிர ஒரு பல் டாக்டரும் இருந்தார். ஊரார் வாயை எல்லாம் திறக்கச் சொல்கிறவர், தன் வாயில் ஒரு ரப்பர் குழாயைக் கவ்வ ரொம்பவும் சிரமப்பட்டார்.

முதல் சில நாட்கள் எல்லாம் நீச்சல் குளத்தில்தான். விசில் ஒவ்வொரு சாமானாக எடுத்துக் காட்டினாள். சிலிண்டரில் இருப்பது நாம் சுவாசிக்கிற அதே சாதாரணக் காற்று, அழுத்தி அடைத்திருக்கிறது. அதன் தலையில் திறக்கிற குமிழ். அங்கிருந்து குழாய் வழியாக வாய்க்குக் காற்றைக் கொண்டுவருவது ரெகுலேட்டர். அதே போல மஞ்சள் குழாயில் இன்னொன்று உண்டு. அது நமக்கல்ல, கூட வருகிறவருக்குக் காற்று தீர்ந்துபோனால் கொடுப்பதற்கு. மார்பில் மாட்டும் ஜாக்கெட்டில் காற்றை ஏற்றினால் மிதக்கலாம், இறக்கினால் முங்கலாம். எவ்வளவு காற்று மிச்சம் என்பதை ஒரு மீட்டரின் முள் காட்டும். அந்த முள்ளைப் பார்க்க மறந்தவர்தான் கடலில் அவசரப்படுவார் என்றாள் விசில்.

சம்பந்தியம்மா சும்மா இருப்பாரா? சிலிண்டர் பற்றித் தனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, நோயாளிகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் வாடகைக்கு விடுவதே தன் கடைதான் என்றார். அது வேறு, இது வேறு என்று விசில் பொறுமையாகச் சொன்னாள். சம்பந்தியம்மா தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல் எப்படிப்பட்டது என்று பெண்ணைப் பெற்றவளுக்குத் தெரியும். மருந்துச் சீட்டில் மருத்துவர் எழுதியதைப் பார்த்து ஆட்டுகிற தலை அது.

மிக முக்கியமானது என்று விசில் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றைத்தான்.

"என்ன ஆனாலும் மூச்சைப் பிடிக்காதீங்க. கீழ வாங்கின காத்து, மேல வர வர விரியும். அதை உள்ளேயே அடைச்சு வச்சா நுரையீரல் கிழிஞ்சிடும். வாய்ல குழாய் இல்லாட்டிக் கூட, சின்னச் சின்னக் குமிழியா ஊதிக்கிட்டே இருங்க."

மேலே வரும்போது நாம் விட்ட குமிழிகளில் சின்னதைக்கூட முந்தக் கூடாது, அவ்வளவு நிதானமாக வரவேண்டும். இறங்கும்போது காது வலிக்கும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி அடைப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். சளி பிடித்திருந்தால் இறங்கவே கூடாது. யாருக்குப் பிடிக்காவிட்டாலும் எந்த நிமிடத்திலும் போதும் என்று மேலே வந்துவிடலாம், ஏன் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். இந்தக் கடைசி விதி அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது. காரணம் கேட்காத இடம் ஒன்றில் அவள் இதுவரை வேலை பார்த்ததில்லை.

கைச் சைகைகளில்தான் ஒரு கூத்து நடந்தது. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் தண்ணீருக்கடியில் பிரமாதம் என்று அர்த்தமில்லை, மேலே போகலாம் என்று அர்த்தம். சம்பந்தியம்மா முகமூடிக்குள் புகுந்த தண்ணீரை மூக்கால் ஊதி அழகாக வெளியேற்றிவிட்டு, பெருமை தாங்காமல் கட்டைவிரலைத் தூக்கினார். விசில் உடனே எல்லோரையும் மேலே அழைத்துக்கொண்டு போனாள். இரண்டாம் முறையும் அதே நடந்தது. மூன்றாம் முறை பல் டாக்டர் தானாகவே மேலே கிளம்பிவிட்டார்.

குளத்து வேலை முடிந்து முதல்முறையாகக் கடலுக்குப் போன காலையில் வானம் வெளுத்து, தண்ணீர் அசையாமல் கிடந்தது. படகு கிளம்பியதும் விசில் இவர்கள் இருவரையும் ஜோடியாகச் சேர்த்தாள். பல் டாக்டருக்கு முகமூடி இன்னும் வசப்படவில்லை என்பதால் அவரைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். ஜோடி என்றால் ஒருவர் சாமானை மற்றவர் சரிபார்த்துத்தான் தண்ணீரில் குதிக்க வேண்டும்.

படகின் இரைச்சலுக்கு மேலே பேசவேண்டியிருந்ததால் சம்பந்தியம்மா வழக்கத்தைவிட உரக்கப் பேசினார். குழந்தை பிறந்தால் தன் வீட்டில்தான் வளரவேண்டும், கீழே கடை, மேலே வீடு, இதைவிட வசதி எங்கே கிடைக்கும், பெண் ஒரு வருடம் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கட்டும் என்று திட்டம் போட்டுக்கொண்டே போனார். பெண் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ஆராய்ச்சி உதவியாளர். அந்த வேலைக்காக அவள் எத்தனை வருடம் படித்தாள் என்பது பெற்றவளுக்குத் தெரியும்.

வேலையை விடுவதாகத் தன்னிடம் பெண் சொல்லவே இல்லையே என்று அவள் மெதுவாகச் சொன்னாள்.

"அவ எதைத்தான் உங்ககிட்ட முதல்ல சொல்றா? இந்தக் குழந்தை விஷயமே எனக்குத்தானே முதல்ல தெரியும். டெஸ்ட் பண்ற அட்டையை என் கடையிலதான் வாங்கினா. உங்களுக்குச் சொல்றதுக்கு ரொம்ப முன்னாடியே."

சொல்லிவிட்டு சம்பந்தியம்மாவே ஒரு கணம் நிறுத்தினார். ஆனால் வாயை விட்டுப் போன வார்த்தை திரும்பி வருமா?

அன்றைக்குப் பெண் வந்து சொன்னதும், தான்தான் உலகத்திலேயே முதலில் கேட்கிறவள் என்று நினைத்துத் தான் சிரித்ததும், அப்போது பக்கத்தில் நின்ற சம்பந்தியம்மா அதிசயப்பட்டதுபோல வாயில் கைவைத்ததும் அவளுக்குள் வரிசையாக வந்து நின்றன. அந்த அதிசயம் நடிப்பு. இரண்டு பேருமாகச் சேர்ந்து அவள் முன்னால் நடித்திருக்கிறார்கள்.

படகு நின்றது. சாமான்களைப் பூட்டும்போது சம்பந்தியம்மாவின் சிலிண்டரில் லேசாக உஸ் என்று சத்தம் கேட்டது. அவர் குமிழை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, திரும்பப் பொருத்தி, மறுபடி திறந்தார். சத்தம் நின்றுவிட்டது. திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டார்.

ஜோடியைச் சரிபாருங்கள் என்று விசில் குரல் கொடுத்தாள். முறை என்னவென்று பெண்ணைப் பெற்றவளுக்கு மனப்பாடம். ஜாக்கெட், முங்குவதற்கு இடுப்பில் கட்டும் எடைக்கட்டிகள், கொக்கிகள் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும். அப்புறம் ஜோடியை அவருடைய ரெகுலேட்டரில் சில முறை மூச்சிழுக்கச் சொல்லி, அந்த நேரத்தில் மீட்டரின் முள் அசைகிறதா என்று கவனிக்க வேண்டும். அசையாமல் நின்றால்தான் குமிழ் முழுதாகத் திறந்திருக்கிறது என்று பொருள். அன்றைக்கு அவளுக்கு அந்த முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்க்கப் பிடிக்கவில்லை. கொக்கிகளைத் தொட்டாள். மீட்டரை எட்டிப் பார்த்தாள். முள் நிறைந்த இடத்தில் நின்றது. மூச்சிழுக்கச் சொல்லவில்லை. விரலை வளையமாக்கிச் சரி என்று காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். சம்பந்தியம்மாவும் இவளை அதே அவசரத்தில் தொட்டுப் பார்த்துவிட்டு முகமூடியை மாட்டினார்.

பின்பக்கமாகச் சாய்ந்து தண்ணீரில் விழுந்தார்கள்.

முதலில் அவளுக்குக் கேட்டது தன் மூச்சுதான். இழுக்கும்போது ஒரு சீறல், விடும்போது குமிழிகளின் கலகலப்பு. நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினாள். மூக்கைப் பிடித்து ஊதினாள், காது விட்டுக்கொடுத்தது. பாறைகளுக்கு நடுவே மணல் தெரிந்தது. சிறிய மஞ்சள் மீன்கள் ஒரு கூட்டமாகத் திரும்பி, ஒரே சமயத்தில் வெள்ளையாக மின்னின. தன் மனதில் படகில் இருந்த கனம் இன்னும் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். இருந்தது. ஆனால் தூரத்தில் யாரோ ஒருவருடையதுபோல இருந்தது.

முன்னால் போய்க்கொண்டிருந்த விசில் பல் டாக்டரின் முகமூடியைச் சரிசெய்ய நின்றாள். மற்ற இருவரையும் அங்கேயே நிற்கும்படி கைகாட்டினாள். பெண்ணைப் பெற்றவள் மணலில் மண்டியிட்டு நின்றாள். பக்கத்தில் சம்பந்தியம்மா இல்லை. திரும்பியபோது அவர் தன்னை நோக்கி காலில் மாட்டிய ரப்பர் துடுப்புகளை வேகமாக அடித்துக்கொண்டு வருவது தெரிந்தது. முகமூடிக் கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் பெரிதாக விரிந்திருந்தன. ஒரு கை கழுத்துக்குக் குறுக்கே அறுப்பதுபோல மறுபடி மறுபடி போய்வந்தது.

காற்று இல்லை.

குளத்தில் இதைப் பலமுறை பழகியிருந்தார்கள். அங்கே மஞ்சள் குழாயை எடுத்து நீட்டினால், எதிரில் இருப்பவர் அதை மரியாதையாக வாங்கிக்கொள்வார். இங்கே அவள் கை மஞ்சள் குழாயைத் தேடிப் போவதற்குள் சம்பந்தியம்மா வந்து மோதினார். அவள் வாயில் இருந்த ரெகுலேட்டரைப் பிடுங்கித் தன் வாயில் வைத்துக்கொண்டார்.

வாய்க்குள் உப்புத் தண்ணீர். ஒரு கணம் எல்லாமே மறந்துபோனது. மேலே வெளிச்சம் ஒரு தட்டுபோலத் தெரிந்தது, காலை உதைத்தால் போய்விடலாம்போல. உதைக்கவும் காலை மடக்கினாள். அப்போதுதான் உதடு தன்னிச்சையாகக் குவிந்து ஒரு குமிழியை விட்டது. பிறகு இன்னொன்று. ஊதிக்கொண்டே மார்பைத் தடவினாள். விரலில் குழாய் பட்டது. கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து பார்த்தாள், மஞ்சள். வாயில் வைத்து, மிச்சமிருந்த மூச்சை ஊதி அதிலிருந்த தண்ணீரைத் தள்ளிவிட்டு, பயந்தபடியே உள்ளே இழுத்தாள். காற்று வந்தது. வறண்ட, ருசியில்லாத, நல்ல காற்று.

சம்பந்தியம்மா அவள் வாயிலிருந்து எடுத்ததைக் கவ்விக்கொண்டு வேகவேகமாக மூச்சு வாங்கினார். கால்கள் மேலே போகத் துடித்தன. அவள் அவருடைய ஜாக்கெட் வாரை இறுகப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையால் தன் வாயைத் தொட்டு, விரல்களை விரித்து, குமிழி விடுங்கள் என்று காட்டினாள். அவர் பார்த்தார். விட்டார். அவர் கையும் வந்து அவள் முழங்கையைப் பற்றிக்கொண்டது. பிடி வலித்தது.

அதற்குள் விசில் பல் டாக்டரையும் இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். ஒரே பார்வையில் புரிந்துகொண்டு கட்டைவிரலைத் தூக்கினாள். நால்வரும் கயிற்றை ஒட்டி ஏறினார்கள். விசில் ஒவ்வொரு ஜாக்கெட்டிலிருந்தும் அவ்வப்போது காற்றை இறக்கிவிட்டு வேகத்தை அடக்கினாள். ஆழத்தின் அழுத்தம் உடம்பில் தணியட்டும் என்று மேற்பரப்புக்குக் கொஞ்சம் கீழே எல்லோரையும் நிறுத்திக் காத்திருக்க வைத்தாள். அந்த நேரம் முழுதும் சம்பந்திகள் இருவரும் மூக்கோடு மூக்கு இடிக்கும் தூரத்தில், ஒரே சிலிண்டரில் மூச்சுவிட்டுக்கொண்டு, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு தொங்கினார்கள். பார்க்க வேறு இடமும் இல்லை. பயந்துபோன ஒரு முகத்தை அவள் நீதிமன்றத்தில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். சம்பந்தியம்மாவிடம் அப்படி ஒரு முகம் இருக்கும் என்று மட்டும் நினைத்துப்பார்த்ததில்லை.

படகில் ஏறியதும் விசில் முதலில் கேட்டது நெஞ்சு வலிக்கிறதா, இருமலில் ரத்தம் வருகிறதா, எங்காவது மரத்துப்போகிறதா என்றுதான். ஒன்றுமில்லை. பிறகு சம்பந்தியம்மாவின் சிலிண்டர் பக்கம் போனாள். மீட்டரில் முள் நிறையக் காட்டிக்கொண்டிருந்தது. அவருடைய ரெகுலேட்டரைத் தன் வாயில் வைத்து இழுத்தாள். காற்று வந்தது, ஆனால் இழுக்கும்போதெல்லாம் முள் விழுந்து விழுந்து எழுந்தது. சிலிண்டரின் தலையில் குமிழைப் பிடித்துத் திருப்பினாள். அது சுற்றியது. மேலும் சுற்றியது. அது நின்றதும் விசில் நிமிர்ந்தாள்.

"கொஞ்சூண்டுதான் திறந்திருக்கு. மேல இருக்கறப்போ இது போதும். ஆழத்துல ஒவ்வொரு மூச்சுக்கும் நிறைய காத்து வேணும், இந்தச் சந்து வழியா அவ்வளவு வராது."

கடையில் ஆக்சிஜன் சிலிண்டரை எப்போதும் அவ்வளவுதான் திறப்பது வழக்கம் என்று சம்பந்தியம்மா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கை தானாகச் செய்துவிட்டது. யார் சரிபார்த்தது என்று விசில் கேட்டாள். குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"நான்தான்" என்றாள் அவள். "முள்ளைப் பார்த்தேன். மூச்சிழுக்கச் சொல்லலை."

"நானும் இழுக்கலை" என்றார் சம்பந்தியம்மா. "அவங்க சொல்லியிருந்தாலும் தெரியும் தெரியும்னு சொல்லியிருப்பேன்."

விசில் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். சண்டையை மேலே வைத்துவிட்டு இறங்க முடியாது, அது முடிகிறவரை இறங்காமல் இருக்கத்தான் முடியும் என்று மட்டும் சொன்னாள். இவர்கள் இருவருக்கும் இன்றைக்கு இதோடு போதும், விருப்பமிருந்தால் அடுத்த வாரம் வரலாம், வராவிட்டாலும் குற்றமில்லை என்றாள். சற்று நேரம் கழித்துப் பல் டாக்டரை அழைத்துக்கொண்டு மறுபடி இறங்கினாள். படகோட்டி முன்பக்கம் போய்ப் படுத்துவிட்டார்.

இருவரும் துண்டைப் போர்த்திக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். படகு லேசாக ஆடியது. சம்பந்தியம்மாதான் முதலில் பேசினார்.

"உங்க வாய்ல இருந்ததைப் பிடுங்கிட்டேன்."

"காத்து வருதுன்னு கண்ணுக்குத் தெரிஞ்சது அதுதானே. அதைத்தானே எடுப்பீங்க."

"நீங்க செத்திருந்தா?"

அவள் யோசித்துப்பார்த்தாள். "ரெண்டு பேரும் போயிருப்போம். பிள்ளைங்க நம்மளைப் பத்தி ஒருத்தரையொருத்தர் குறை சொல்லிக்கிட்டு இருந்திருக்கும்."

சம்பந்தியம்மா சிரிக்க ஆரம்பித்து, பாதியில் அழுதார். அவள் பார்க்காததுபோல இருந்தாள். பிறகு, தண்ணீரில் இறங்குவதற்கு முன்பிருந்தே கேட்கவேண்டும் என்று நினைத்ததைக் கேட்டாள்.

"ஏன் எங்கிட்ட முதல்ல சொல்லலை அவ?"

சம்பந்தியம்மா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெண் தன்னிடமும் வந்து சொல்லவில்லை என்றார். அட்டையைக் கல்லாவில் வைத்தாளாம், இவர் நிமிர்ந்து பார்த்தாராம், அவ்வளவுதான். யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று பெண் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாளாம். தன் மகனிடம்கூட அப்போது தான் சொல்லவில்லை என்றார்.

"போன தடவை கரு கலைஞ்சப்போ உங்க முகத்தைப் பாக்க முடியலையாம் அவளால. நீங்க அழலையாம். அழுதிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்னா. இந்தத் தடவை நிலைக்கும்னு டாக்டர் சொன்னதுக்கப்புறம்தான் அம்மாகிட்ட சொல்லணும்னா."

அவள் தண்ணீரைப் பார்த்தாள். கீழே எங்கோ விசிலும் பல் டாக்டரும் விட்ட குமிழிகள் ஒரு கொத்தாக மேலே வந்து உடைந்துகொண்டிருந்தன. அந்தத் தடவை மருத்துவமனை வராந்தாவில் தான் நின்றது நினைவுக்கு வந்தது. பெண்ணுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று முகத்தை அசையாமல் வைத்துக்கொண்டிருந்தாள். நன்றாகவே வைத்துக்கொண்டோம் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள்.

"இதை நீங்க எங்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம், சம்பந்தி" என்றாள்.

"நீங்களும் எங்கிட்ட நேரா ஒண்ணும் கேட்டதில்லையே" என்றார் சம்பந்தியம்மா.



வீட்டில் யாரிடமும் மூச்சுவிடுவதில்லை என்று கரையேறும்போதே முடிவு செய்துகொண்டார்கள். முடிவு அன்று சாயங்காலம்வரைகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. பள்ளியில் பதிந்திருந்தது பெண்ணின் தொலைபேசி எண். இரண்டு மேடத்துக்கும் நெஞ்சுவலி, மயக்கம் ஏதும் இல்லையே, நாளைவரை விமானத்தில் மட்டும் போகவேண்டாம் என்று விசில் அக்கறையாக அதற்குச் செய்தி அனுப்பியிருந்தாள்.

மருந்துக்கடை மாடியில் விசாரணை நடந்தது. பெண் சோபாவில் உட்கார்ந்திருந்தாள், இரண்டு தாய்மாரும் நின்றார்கள். மாப்பிள்ளை தண்ணீர் கொண்டுவரும் சாக்கில் சமையலறையிலேயே தங்கிவிட்டார். என்ன நடந்தது என்று பெண் ஒவ்வொன்றாகக் கேட்டாள். இருவரும் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்காமல் பதில் சொன்னதில் கதை முன்னுக்குப் பின் முரணாகிவிட்டது. கடைசியில் எதற்குச் சண்டை போட்டீர்கள் என்று கேட்டாள். குழந்தை யார் வீட்டில் வளர்வது என்பதற்கு என்று சம்பந்தியம்மா ஒப்புக்கொண்டார்.

"என் லேப் பக்கத்துல ஒரு காப்பகம் இருக்கு. இடம் சொல்லி வச்சாச்சு" என்றாள் பெண். "வேலையை விடறதா நான் யார்கிட்டயும் சொல்லலை."

தாய்மார் இருவரும் ஒருசேர வாயைத் திறந்தார்கள். பெண் கையைத் தூக்கினாள். இருவரும் ஒருசேர மூடிக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் சம்பந்தியம்மா அவளுக்குப் போன் செய்தார். கல்யாணம் ஆனதிலிருந்து யாரையும் நடுவில் வைக்காமல் அவர் பேசிய முதல் போன் அது. காப்பகத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வருவோமா என்று கேட்டார். இருவரும் சேர்ந்து போனார்கள். தரையைத் தடவிப் பார்த்தார்கள், கழிவறையைத் திறந்து பார்த்தார்கள், பால்புட்டிகளை எப்படிக் கொதிக்க வைக்கிறீர்கள் என்று சம்பந்தியம்மா குறுக்கு விசாரணை செய்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. திரும்பும் வழியில் இருவருக்கும் அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

அடுத்த வாரம் கடலுக்குப் போவதா என்பதை யாரும் பேச்சில் எடுக்கவில்லை. ஆனால் அந்தக் காலையில் அவள் படகுத்துறைக்குப் போனபோது சம்பந்தியம்மா அவளுக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தார். முகம் வெளிறியிருந்தது.

"எனக்கு பயமா இருக்கு" என்றார். அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வந்து அவள் கேட்டதில்லை.

வேண்டாமென்றால் திரும்பிவிடலாம், ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்று அவள் நினைவுபடுத்தினாள். சம்பந்தியம்மா யோசித்தார். இறங்குகிறேன், பிடிக்காவிட்டால் கட்டைவிரலைத் தூக்குவேன், இந்த முறை நிஜமாகவே மேலே போகத்தான் என்றார்.

படகில் அவள் அவருடைய சிலிண்டரின் பின்னால் நின்று குமிழை நிற்கிறவரை திருப்பினாள். மூச்சிழுங்கள் என்றாள். அவர் இழுத்தார். இன்னொரு தடவை என்றாள். முள் அசையவில்லை. அவள் திரும்பி நின்றாள், அவர் அவளுடையதைப் பார்த்தார். கொக்கியில் ஒரு வார் முறுக்கிக்கொண்டிருந்ததை எடுத்துவிட்டு, தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

மணலில் ஒரு பெரிய திருக்கைமீன் படுத்திருந்தது. அவர்கள் தள்ளி நின்று பார்த்தார்கள். அது மணலை உதறிவிட்டு எழுந்து, அவசரமில்லாமல் ஓரங்களை அசைத்துக்கொண்டு அவர்களைக் கடந்து போனது. சம்பந்தியம்மா அவள் முழங்கையைப் பிடித்திருந்தார். பிடி லேசாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் கட்டைவிரலைத் தூக்கினார். அவள் ஏன் என்று கேட்கவில்லை, உடன் மேலே போனாள்.

எஞ்சிய பாடங்களையும் முடித்து இருவரும் சான்றிதழ் வாங்கினார்கள். அதற்கப்புறம் சம்பந்தியம்மா கடலில் இறங்கவில்லை. அவள் மட்டும் நீதிமன்ற விடுமுறைகளில் விசிலின் படகில் போய்வருகிறாள். இரு வீட்டுக்கும் இடையில் சண்டை நின்றுவிட்டதாகச் சொல்ல முடியாது. குழந்தைக்குப் பெயர் வைப்பதில் ஒன்று வந்தது, தடுப்பூசிக் காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதா வேண்டாமா என்பதில் அதைவிடப் பெரிதாக ஒன்று வந்தது. ஆனால் இப்போதெல்லாம் அவர்களே போன் செய்து நேருக்கு நேர் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். பெண்ணுக்குச் செய்தி போவதற்குள் அது முடிந்தும் விடுகிறது.